மடிக்கும் கைக்கும் நடுவே ஒரு சாண்

"செய்யாத காரியத்தைச் செய்யலைன்னு எப்படித் தம்பி காட்டுறது?"

அகுவேர் இதைக் கேட்டபோது நான் மிஷன் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, வேலை எதுவும் அமையாமல் ஊர்சுற்றிக்கொண்டிருந்தேன். படித்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவரிடமும், அவரைப் பிடிக்காத இரண்டு பேரிடமும் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறேன். கதை முடியும்வரை நான் குறுக்கே வரப்போவதில்லை.

மாடு மேய்க்கும் எங்கள் டிங்கா குலத்தில், ஆளாகும் சடங்கில் நெற்றியில் கீறல் விழுந்த நாளோடு ஆண்பிள்ளைக்கும் பசுவின் மடிக்கும் உறவு முடிந்துவிடும். அதுவரை அக்காள் தங்கைகளோடு உட்கார்ந்து கறக்கலாம், மடியில் வாயை வைத்தே குடிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கீறல் ஆறியபின் கறக்கும் வேலை பெண்களுக்கும் சிறுவர்களுக்கும்தான். எங்கள் பேச்சில் வாலிபன் என்பதற்கு இருக்கும் சொல்லே 'கறப்பதை விட்டவன்' என்பதுதான். அந்தச் சொல்லைச் சம்பாதிக்கத்தான் கத்திக்கு முன்னால் இமைக்காமல் படுத்திருக்கிறோம்.

அகுவேரும் அப்படித்தான் படுத்திருந்தான். அப்பா இல்லாத பிள்ளை. சடங்கு முடிந்ததும் சித்தப்பா ஆதெம்தான் வழக்கப்படி அவனுக்கு எருது கொடுத்தார். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். அந்த நிறம் எருதுக்கு வந்தால் மயேன், பசுவுக்கு வந்தால் அயேன். அன்று முதல் தோழர்கள் அவனை மயேன் என்றே கூப்பிட்டார்கள். அவன் எருதின் கொம்புக்குக் குஞ்சம் கட்டினான், கழுத்துக்கு மணி கட்டினான், அதன்மேல் பாட்டுக் கட்டினான். பாட்டு ரொம்ப நீளம் என்று தோழர்கள் குறைப்பட்டார்கள். அவன் குறைக்கவில்லை.

தலைக்கனம் பிடித்தவன் என்பதை அவனே மறுத்ததில்லை. அவன் கேலியில் அதிகம் அகப்பட்டவன் யோனா. யோனாவும் டிங்காதான்; சிறுவயதிலேயே மிஷனில் வளர்ந்தவன். நெற்றி வழுவழுப்பாக இருக்கும். அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளைக்காரப் பாதிரிக்கு மொழிபெயர்ப்பான், அவருடைய பசுவைக் காலையில் கறந்து தேநீருக்குப் பால் கொண்டுபோவான். ஆற்றோரப் பட்டிக்கு அவன் வந்தாலே அகுவேர் ஆரம்பித்துவிடுவான்.

"என்ன தங்கச்சி, நாரைக்குப் பால் கறந்தாச்சா?"

நாரை என்பது பாதிரிக்கு ஊர் வைத்த பெயர். கால் அத்தனை நீளம். அதோடு தண்ணீர் ஓரத்தில் தனியாக நின்று எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பட்டியே சிரிக்கும். யோனா சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான். சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு அடுத்த பட்டிக்குப் போய்விடுவான். அவன் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்று அகுவேருக்கு அப்போது தெரியாது.

நாரையை யாருக்கும் பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் என்று சொல்லமுடியாது; புண்ணுக்கு மருந்து கட்டுவார், காய்ச்சலுக்குக் கசப்பு மாத்திரை தருவார். ஆனால் வாயைத் திறந்தால் ஒரே பேச்சு. இந்த ஊர் ஆண்கள் சோம்பேறிகள். பெண்கள் கறக்கிறார்கள், சாணம் அள்ளுகிறார்கள், சோளம் இடிக்கிறார்கள். ஆண்கள் உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு எருதுக்குப் பாட்டுப் பாடுகிறார்கள். வேலை செய்வதில் வெட்கம் எதற்கு என்று பட்டி பட்டியாகப் போய்க் கேட்டார். யோனா அதை ஒரு சொல் குறையாமல் எடுத்துச் சொன்னான். சிங்கம் வருகிற நாளில் நாரை போய் முன்னால் நிற்கட்டும், நாங்கள் உட்கார்ந்து கறக்கிறோம் என்று ஆதெம் திருப்பிச் சொன்னார். யோனா அதை மொழிபெயர்க்கவில்லை.

நாரையிடம் மூன்று கால் வைத்த ஒரு பெட்டி இருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் ஆட்களைப் படம் பிடிப்பார். படங்கள் கப்பலேறி அவர் நாட்டுக்குப் போகும். அங்கே கோயில்களில் காட்டினால் மருந்துக்கும் கட்டுத்துணிக்கும் காசு சேருமாம். ஈட்டியோடு நில், கொம்புக்குப் பக்கத்தில் நில் என்பார். நின்றார்கள். அதில் தவறொன்றும் தெரியவில்லை.

அந்த வருஷம் கோடையில் அகுவேரின் அம்மாவுக்குக் கணுக்காலில் புண் வந்தது. முதலில் கொப்புளம், பிறகு குழி. சாணமும் சாம்பலும் வைத்துப் பார்த்தார்கள். ஈ மொய்த்தது, நாற்றம் வந்தது, எலும்பு தெரிய ஆரம்பித்தது. அகுவேர் அவளைப் படகில் ஏற்றி மிஷனுக்குக் கொண்டுபோனான். நாரை கழுவினார், வெள்ளைப் பொடி தூவினார், கட்டுப் போட்டார். தவறாமல் வந்து கட்டு மாற்றவேண்டும், நடுவில் விட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அவனும் தவறாமல் படகு தள்ளினான்.

புண் ஆறத் தொடங்கிய சமயம். ஒருநாள் வெயில் சாய்ந்த நேரத்தில் நாரை தன் பெட்டியோடு அவர்கள் பட்டிக்கே வந்துவிட்டார். ஆண்கள் மேய்ச்சலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அம்மா குடிசைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்; காலில் முள் குத்தியிருந்ததால் ஆண்களில் அகுவேர் மட்டும் பட்டியில் இருந்தான். பெண்கள் ஆற்றுக்குப் போயிருந்தார்கள்; பக்கத்துப் பட்டியிலிருந்து அதியூ என்ற பெண்ணும் அவர்களோடு போயிருந்தாள். அவளுக்கும் அவனுக்கும் கல்யாணப் பேச்சு பாதி முடிந்திருந்தது. மழைக்குள் பரிசமாக மாடுகள் கைமாறும் என்று இரு வீட்டாரும் எதிர்பார்த்திருந்தார்கள்.

நாரை சுரைக்குடுவை ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார். கறுப்புப் பசுவைக் காட்டி ஏதோ சொன்னார்.

"உட்காரச் சொல்றாரு," என்றான் யோனா. "கறக்கிற மாதிரி."

அகுவேர் குடுவையைக் கீழே போட்டான்.

"கறக்க வேணாம்யா. சும்மா உட்கார்ந்தா போதும். பெட்டிக்குத்தான்."

"முடியாதுன்னு சொல்லு."

யோனா சொல்லவில்லை. பொத்தானைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டான்: "உங்கம்மா கட்டு நாளைக்குத்தானே மாத்தணும்?"

நாரை அப்படி மிரட்டச் சொன்னாரா, அது யோனா தானாகச் சேர்த்துக்கொண்டதா என்று அகுவேருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்த நேரத்தில் அவன் பார்த்ததெல்லாம் அம்மாவின் கணுக்கால் எலும்பு. சுற்றுமுற்றும் பார்த்தான். தூரத்தில் சாணம் தட்டிக்கொண்டிருந்த குழந்தைகளைத் தவிர யாரும் இல்லை. பசுவின் பக்கத்தில் குத்தவைத்தான். ஒரு கையில் குடுவை. மறு கையை மடிக்கு முன்னால் நீட்டினான், ஆனால் மடியில் வைக்கவில்லை. பெட்டிப் பக்கமாக ஒரு சாண் தள்ளி, காற்றில் வைத்துக்கொண்டான். தொடவில்லை, தொடப்போவதும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பசு ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அசையாதே என்றார் நாரை. அவன் அசையவில்லை, பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தான். பெட்டி டக்கென்றது. எழுந்து குடுவையைத் தூர எறிந்துவிட்டுப் போய்விட்டான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் காலை அழுகவிட்டாலும் விடுவாளே தவிர மிஷன் படியில் மறுபடி கால் வைக்கமாட்டாள். தோழர்களிடமும் சொல்லவில்லை.

புண் ஆறியது. அவள் நடக்க ஆரம்பித்தாள்.

மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நாரை அந்தப் படத்தைக் காகிதத்தில் அச்சடித்து மருந்து கொடுக்கும் அறையின் கதவில் ஒட்டினார். மற்ற ஆண்களும் பார்த்துத் திருந்தட்டும் என்ற எண்ணம். இருமலுக்கு மருந்து வாங்கப் போன லுவெத் அதைப் பார்த்தான். அதியூவைத் தானும் கேட்டு, அவள் அப்பா பியாரிடம் மூக்குடைபட்டு வந்தவன் அவன். இருமல் மருந்தை வாங்காமலே, கதவிலிருந்து படத்தைப் பக்குவமாகப் பிய்த்து எடுத்துக்கொண்டு நேரே பியாரின் பட்டிக்கு நடந்தான்.

அந்தக் காகிதத்தில் மடி இருந்தது, கை இருந்தது. நடுவே இருந்த ஒரு சாண் மட்டும் இல்லை. அகுவேரின் விரல்கள் காம்பை வளைத்துப் பிடித்திருப்பதுபோலவே இருந்தது.

இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அவன் மாடு ஓட்டிக்கொண்டு போனால் புதருக்குப் பின்னாலிருந்து யாராவது, "ஏ அயேன்" என்று கூப்பிடுவார்கள். முன்னால் இருந்த ஓர் எழுத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். எருது பசுவாகிவிட்டது. ஒருவன் தன் வீட்டுக் கன்று கத்துகிறது, கொஞ்சம் வந்து கறந்து தரமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டான். அகுவேர் அவன் பல்லை உடைத்தான். அதற்கும் ஒரு பசு தண்டம் கட்ட வேண்டியதாயிற்று. இது கறவைப் பசு, கடைசியாக ஒருதரம் கறந்து கொடு என்று அவனிடம் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அம்மாவிடம் மட்டும் காரணத்தைச் சொன்னான். அவள் சத்தம் போடவில்லை. ஆறின காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "இதுக்கு நீ இதை வெட்டிப் போட்டிருக்கலாம்," என்றாள்.

பியார் பேச்சை முறித்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார். சித்தப்பா ஆதெம் விடவில்லை. இது ஒரு காகிதத்தை வைத்துத் தீர்க்கிற விஷயமில்லை, அன்றைக்கு அங்கே இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று தலைவரிடம் முறையிட்டார். புளியமரத்தடியில் கூட்டம் கூடியது. நாரையும் யோனாவும் வரவழைக்கப்பட்டார்கள். நாரைக்கு மடக்கு நாற்காலி போட்டார்கள்.

அகுவேர் முதலில் பியாரைப் பார்த்துத்தான் பேசினான். "மாமா, நான் தொடலை."

"என்னை மாமான்னு கூப்பிடாதே," என்றார் பியார். "பேச்சு முடியட்டும். அப்புறம் நான் யாருன்னு பார்ப்போம்."

எப்படி உட்கார்ந்தான், கையை எங்கே வைத்திருந்தான் என்றெல்லாம் அகுவேர் ஒரு பசுவை நிறுத்திக் காட்டினான். அவன் குனிந்து கையை நீட்டியபோது கூட்டத்தின் பின்பக்கமிருந்து சிரிப்பு வந்தது. காட்டக் காட்ட அவன் கறப்பதுபோலவே தெரிந்தது. இவனுக்கு நல்ல பழக்கம் இருக்கிறது என்று லுவெத் முணுமுணுத்தான். அகுவேர் பாதியிலேயே நிமிர்ந்துவிட்டான்.

தலைவர் நாரையைக் கேட்டார். இவன் கறந்தானா?

யோனா அதை நாரையிடம் சொன்னான். நாரை முகம் மலர்ந்து நீளமாகப் பேசினார். அகுவேரின் தோளில் கைவைத்துக்கொண்டே பேசினார். யோனா எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொன்னான். ஆமாம், இவன் கறந்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த நாட்டிலேயே முதல் ஆளாக இவன் துணிந்திருக்கிறான். உங்கள் மற்றப் பிள்ளைகளும் இவனைப்போல ஆகவேண்டும் என்று நான் தினமும் ஜெபிக்கிறேன்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

ஆதெம் எழுந்து, வெள்ளைக்காரருக்கு நம் வழக்கம் தெரியாது, பொய் சொல்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது, யோனா நம் பிள்ளை, அவனும் அங்கேதான் நின்றான், அவன் சொல்லட்டும் என்றார். எல்லோரும் யோனாவைப் பார்த்தார்கள். அகுவேரும் பார்த்தான். அவன் ஒரே ஒரு சொல் சொன்னால் போதும்.

யோனா பொத்தானைத் தடவினான். "நான் பெட்டிப் பக்கம் நின்னேன்," என்றான். "பெட்டி என்ன பார்த்துச்சோ அதைத்தான் நானும் பார்த்தேன்."

பொய் என்று சொல்லமுடியாத பதில். அகுவேர் அவன்மேல் பாய்ந்தான். நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"தங்கச்சி சாட்சி சொன்னா பிடிக்கலையோ?" என்றான் யோனா. அத்தனை வருஷத்தில் அவன் திருப்பிச் சொன்னது அந்த ஒன்றுதான்.

கல்யாணப் பேச்சு அங்கேயே முறிந்தது.

மறுநாள் ஆற்றுத் துறையில் அதியூ அவனுக்காகக் காத்திருந்தாள். குடத்தை இறக்கி வைக்காமலே பேசினாள்.

"தொட்டியா, தொடலையா?"

"தொடலை."

"நம்புறேன். அப்புறம் ஏன் குந்தினே?"

"அம்மா காலுக்கு."

"அதை அன்னிக்கு ராத்திரியே வந்து ஊருக்கு முன்னால சொல்லியிருந்தா எவன் வாயைத் திறந்திருப்பான்? உன்கூடச் சேர்ந்து எங்கப்பாவே நாரையைத் திட்டியிருப்பாரு. நீ ஒளிச்சே. ஒளிச்சதாலதான் அந்தக் காகிதத்துக்கு இவ்வளவு வாய் வந்துச்சு." குடத்தைச் சரிசெய்துகொண்டாள். "நாளைக்கு நம்ம பிள்ளையை எவனாவது அயேன் மகன்னு கூப்பிட்டா நான் எத்தனை பேர் பல்லை உடைக்கிறது?"

அவள் போய்விட்டாள். மழைக்கு முன்னால் மாடுகள் கைமாறின. லுவெத்தின் மாடுகள்.

அகுவேர் மிஷனுக்குப் போனான். ஈட்டி எடுத்துப் போகவில்லை. அந்தப் படம் எதிலிருந்து வந்ததோ அதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டான். நாரைக்கு ஒரே மகிழ்ச்சி. மரப்பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதில் எல்லாம் தலைகீழாக இருந்தது. கறுப்புப் பசு வெள்ளையாக இருந்தது. சாம்பல் பூசிய அவன் உடம்பு கரியாக இருந்தது. இதைத்தானா ஊர் நம்பியது என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு கையாலும் வாங்கி, வாசற்கல்லில் போட்டு மிதித்தான். பாதம் கிழிந்து ரத்தம் வந்தது. நகரவில்லை, தூளாகும்வரை மிதித்தான்.

நாரை கத்தவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு யோனாவிடம் ஏதோ சொன்னார்.

"உடைச்சதுல பிரயோஜனம் இல்லைங்கிறாரு," என்றான் யோனா. "படம் ஏற்கெனவே கப்பல்ல போயிடுச்சாம். அங்க நிறைய அச்சடிச்சுட்டாங்களாம்." பிறகு, "உன் காலைக் கழுவிக் கட்டுப் போடவான்னு கேக்குறாரு," என்றான்.

அகுவேர் கட்டுப்போட்டுக்கொள்ளவில்லை. போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தான். ஜில்லா அதிகாரி அவனைக் கைதிகளோடு சேர்த்து நாணல் வெட்டவும் ரோடு போடவும் அனுப்பினார். அங்கே அவனை யாரும் அயேன் என்று கூப்பிடவில்லை. யாருக்கும் அவனைத் தெரியாது. வாழ்க்கையில் நிம்மதியாகத் தூங்கியது அங்கேதான் என்று அவர் பிற்பாடு சொன்னார்.

திரும்பி வந்தபோது எருது மயேன் கிழடு தட்டியிருந்தது. அதன்மேல் கட்டிய பாட்டை அவர் மறுபடி பாடவில்லை. பாடினால் எதிர்ப்பாட்டு வரும் என்று தெரியும். ஆற்றுக்கு அக்கரையில், படம் எட்டாத பட்டியிலிருந்து அயாக் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவளிடம் முதல்நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் கேட்டுவிட்டு, உங்கள் ஊரில் காகிதத்தை நம்புகிற அளவுக்குப் படித்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டாளாம். அவளோடு சண்டை போடாத நாள் குறைவு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவள் ஒருநாளும் திட்டியதில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். நாரை ஊருக்குத் திரும்பிப் போனார், அங்கேயே செத்தும் போனார். யோனா பாதிரி ஆனார். இருவரும் பாதையில் எதிர்ப்பட்டால் ஒருவர் புல்லில் இறங்கி நடப்பார். பெரும்பாலும் அது யோனாதான்.

ஊர் மறந்துவிட்டது என்றுதான் அகுவேர் நினைத்திருந்தார். படம் மறக்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பத்திரிகைக் கட்டில் அது இருந்தது. யாரோ ஒரு பையன் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஊருக்குக் கொண்டுவந்தான். அந்தக் கோடையில்தான் அகுவேரின் மூத்த மகன் குவோலுக்குப் பெண் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர், மாடு நல்ல மாடுதான், ஆனால் இது கறக்கிறவன் வீட்டு மாடு என்கிறார்களே என்று இழுத்தார். பேச்சு நின்றது. அடுத்த கோடையில் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்கள்.

அகுவேர் அந்தக் கிழிந்த பக்கத்தோடு, படித்தவன் என்று என்னைத் தேடி வந்தது அப்போதுதான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சோம்பலை விட்டு உழைக்கக் கற்றுக்கொண்ட ஒரு மனிதன் என்று எழுதியிருந்தது.

"பேரு?"

பேர் போடவில்லை என்று தெரிந்ததும் அவர் சந்தோஷப்படவில்லை. முகம் இன்னும் இறுகியது. "பேர் போட்டிருந்தா நான் வழக்குப் பேசுவேன்," என்றார். "எவனோ ஒருத்தன்னு போட்டுட்டா யார்மேல பேசறது?" பிறகுதான், செய்யாத காரியத்தைச் செய்யவில்லை என்று எப்படிக் காட்டுவது என்று கேட்டார். கையை முன்னால் நீட்டிக் காட்டினார். விரல்களை மடக்காமல், வெறும் காற்றில், வெகுநேரம். பிறகு தன் மடியில் வைத்துக்கொண்டார்.

காட்டமுடியாது. இத்தனை நாள் யோசித்ததில் அந்த அளவுதான் தெளிவாகியிருக்கிறது. அந்த ஒரு சாணை இனி எந்தப் பெட்டியாலும் பிடிக்கமுடியாது. வாயால்தான் சொல்லமுடியும். அதியூ சொன்னதுபோல ஊருக்கு முன்னால் சத்தமாகச் சொல்லவேண்டும்.

அதனால் இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குவோலின் கல்யாணப் பேச்சு அடுத்த கோடையில் மறுபடி தொடங்கும். அதற்குள் இந்தக் கதை பெண்வீட்டாரின் பட்டிக்குப் போய்ச் சேரவேண்டும். நீங்கள் இன்னொருவரிடம் சொல்லுங்கள்; கேட்டவரை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். தொடவில்லை என்று சொல்லுங்கள். யார் தொடவில்லை என்று கேட்டால் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்: அகுவேர், மயேன் என்ற எருதுக்கு உரியவர்.